ஃபைண்டரை ஓட்டோகைடராக மாற்றிய பின்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கங்களில் இருந்து என் மேசைக்கு வந்த ஓட்டோகைடர்கள் (நீண்ட நேரப் படம் எடுக்கும்போது தொலைநோக்கியை நட்சத்திரத்தோடு ஒட்டி ஓடவைக்கும் கருவிகள்) அநேகமாக எல்லாமே ஒரே சாதி. தொலைநோக்கியுடன் சேர்ந்து வந்த, இலக்கைத் தேட உதவும் சிறு குழாயான 50 மில்லிமீற்றர் ஃபைண்டரின் பார்வைத்துண்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சிறு கமராவைப் பொருத்தியிருப்பார்கள். கமரா ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது நகர்ந்தால் மடிக்கணினியில் உள்ள பிஎச்டி2 என்ற இலவச மென்பொருள், தொலைநோக்கியைத் தாங்கி மோட்டாரால் திருப்பும் மவுண்டுக்குத் திருத்தம் அனுப்பும். தனி கைட் ஸ்கோப் (இதே வேலைக்கான சிறு தொலைநோக்கி) வாங்கும் காசை மிச்சப்படுத்தும் நல்ல வேலை. பழுதுகளும் ஒரே சாதிதான். திரும்பத் திரும்ப அவற்றையே திருத்துவதால் எழுதி வைக்கிறேன்.

கீழே வரும் எண்கள், ஏறத்தாழ 180 மில்லிமீற்றர் குவியத்தூரம் உள்ள ஃபைண்டருக்கும் 3.75 மைக்ரோன் பிக்சல் உள்ள கைட் கமராவுக்கும் உரியவை. பிக்சல் அளவை 206ஆல் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை ஆர்க் செக்கன் (பாகையின் 3600இல் ஒரு பங்கு) என்பது கிடைக்கும். இங்கே 4.3. உங்களிடம் வேறு கருவி இருந்தால் முதலில் இந்தக் கணக்கைச் செய்து தாளில் எழுதி மடிக்கணினியில் ஒட்டிவிடுங்கள்.

மென்பொருளின் அமைப்புகளில் கைவைக்கும் முன் திருகாணியைப் பாருங்கள், பிறகு வயரை, பிறகு பற்றரியை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் நேர்மாறாகத்தான் செய்திருந்தார்கள். தளர்ந்த ஒரு திருகாணிக்காக மென்பொருளில் இருபது இலக்கங்களை மாற்றியிருப்பார்கள். பிறகு திருகாணியை இறுக்கினாலும் கருவி வேலை செய்யாது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், செய்ததைக் கொப்பியில் எழுதுங்கள்.

## அறிகுறி: திரையில் நட்சத்திரமே இல்லை

மூடியைக் கழற்றினீர்களா என்று பாருங்கள். கேட்கச் சங்கடமான கேள்விதான், ஆனால் இருட்டில் இது நடக்கும். அடுத்து, ஒளிபடும் நேரத்தை 2 செக்கனாக்கி, கெய்னை (கமராவின் ஒளியுணர்வை) முக்கால் அளவுக்கு உயர்த்துங்கள். அப்போதும் வெறுமையாகவோ சாம்பல் வட்டங்களாகவோ இருந்தால் குவியம் பிழைத்திருக்கிறது. ஃபைண்டரின் குவியம் மனிதக் கண்ணுக்காக அமைக்கப்பட்டது. கமராவின் சென்சர் அதே இடத்தில் உட்காராது.

இதை இரவில் தேடாதீர்கள். பகலில் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள தொலைபேசிக் கோபுரத்தைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஃபைண்டரைத் திருப்பவே கூடாது. 50 மில்லிமீற்றர் வில்லை குவிக்கும் வெயில் சென்சரைப் பொசுக்கிவிடும்.

### கமராவை வெளியே இழுத்தால் கூர்மை கூடுகிறது

சென்சர் குவியத்துக்கு முன்னால் நிற்கிறது. பொருள்வில்லையின் பின்னால் உள்ள பூட்டு வளையத்தைத் தளர்த்தி, வில்லைக் கூட்டை வெளிப்பக்கமாகத் திருகுங்கள். புரி குறைந்தது நான்கைந்து சுற்றாவது உள்ளே பிடித்திருக்க வேண்டும். அது போதாவிட்டால் கமராவுக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு இடைவளையம் போடுங்கள்.

### கமராவை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் போதவில்லை

வில்லைக் கூட்டை உள்ளே திருகுங்கள். அதுவும் முடிந்துவிட்டால் இணைப்புக் குழாய் நீளம் என்று அர்த்தம். லேத் பட்டறையில் கொடுத்து அந்தக் குழாயை மட்டும் குறைக்கலாம். ஃபைண்டரின் உடலை வெட்டுவது கடைசி வழி. வெட்டுவதென்றால் வில்லையைக் கழற்றி எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

90 பாகை வளைந்த ஃபைண்டராக இருந்தால் இதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். உள்ளே உள்ள அரியம் பாதையை எடுத்துக்கொள்கிறது, இடமும் போதாது. நேரான ஒன்றைத் தேடுங்கள்.

பொருள்வில்லை இரண்டு கண்ணாடிகள் சேர்ந்தது. கூட்டைத் திருகலாம். ஆனால் கூட்டுக்குள் இருந்து கண்ணாடிகளைப் பிரித்தெடுக்க வேண்டாம். அப்படிப் பிரித்துவிட்டு, எது முன் எது பின் என்று தெரியாமல் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த நிலையில் அது வில்லை வேலை தெரிந்தவருக்குரிய வேலை.

## அறிகுறி: வரைபு அசையாத நேர்கோடு, படமோ கோடு கோடாக இழுபடுகிறது

மென்பொருளின் வரைபில் ஆர்ஏ (கிழக்கு-மேற்கு விலகல்), டெக் (வடக்கு-தெற்கு விலகல்) இரண்டு கோடுகளும் பூச்சியத்தில் படுத்துக் கிடந்தால் மகிழ வேண்டாம். உண்மையான நட்சத்திரம் காற்றில் கொஞ்சமாவது நடுங்கும். நடுங்காதது நட்சத்திரம் அல்ல, சென்சரில் உள்ள சூடான பிக்சல். நம் இரவுகள் வெப்பமானவை. குளிர்விக்காத கமராவில் இப்படியான வெள்ளைப் புள்ளிகள் ஏராளமாக இருக்கும்.

கைக்கட்டுப்பாட்டில் ஒரு பொத்தானை அழுத்தி மவுண்டைச் சற்று நகர்த்துங்கள். புள்ளி நகரவில்லை என்றால் ஐயமில்லை. ஃபைண்டரை மூடி, மென்பொருளில் டார்க் லைப்ரரியை (இந்தப் புள்ளிகளைக் கழிப்பதற்கான இருட்டுப் படங்களை) எடுத்துச் சேமியுங்கள். பத்து நிமிட வேலை, செலவில்லை. மாசியில் எடுத்ததைச் சித்திரை வெக்கையில் பயன்படுத்தாமல் பருவம் மாறும்போது புதிதாக எடுங்கள். அத்துடன் குவியத்தை ஒரு நூலளவு தளர்த்துங்கள். ஒற்றைப் பிக்சலில் அடங்கும் ஊசிமுனை நட்சத்திரத்தைவிட இரண்டு மூன்று பிக்சலில் விரியும் நட்சத்திரத்தின் மையத்தை மென்பொருள் துல்லியமாகக் கணிக்கும்.

## அறிகுறி: கலிப்ரேஷன் முடிவதில்லை, "நட்சத்திரம் போதிய அளவு நகரவில்லை" என்று நிற்கிறது

கலிப்ரேஷன் என்பது, மென்பொருள் மவுண்டைச் சிறிது சிறிதாக உந்தி, நட்சத்திரம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று அளப்பது. முதலில், மவுண்ட் நட்சத்திர வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதா, இரண்டு அச்சுகளின் பூட்டுப்பிடிகளும் இறுக்கமா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

அடுத்து படி அளவு. ஃபைண்டரின் குவியத்தூரம் சிறியது. ஆகவே ஒவ்வொரு உந்தலும் பெரிதாக இருக்க வேண்டும். கைட் வேகம் (திருத்தும்போது மவுண்ட் நகரும் வேகம்) நட்சத்திர வேகத்தின் பாதி என்றால் மவுண்ட் செக்கனுக்கு ஏறத்தாழ 7.5 ஆர்க் செக்கன் நகரும். 25 பிக்சல் தூரத்தைப் பன்னிரண்டு படிகளில் கடக்க, ஒரு படி 1200 மில்லிசெக்கன் அளவில் வரும். நீண்ட தொலைநோக்கிக்கு உரிய 300 அல்லது 400 என்ற எண்ணை யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதனால் படிகள் முடிந்தும் நட்சத்திரம் நகர்ந்திராது. குவியத்தூரத்தைச் சரியாகக் கொடுத்தால் மென்பொருளே கணித்துத் தரும்.

எந்தத் திசையில் கலிப்ரேஷன் செய்கிறீர்கள்? வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே வானில் ஓடும் கோடு) கிட்ட, உச்சிக்கோட்டுக்கு (வடக்கில் இருந்து தலைக்கு மேலாகத் தெற்குக்குப் போகும் கோடு) கிட்டச் செய்ய வேண்டும். மாசி முன்னிரவில் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப்பட்டி இதற்கு வாய்த்த இடம். பட்டியின் மேற்கு நட்சத்திரம் வான நடுக்கோட்டில் இருந்து கால் பாகையளவுதான் விலகியிருக்கிறது. நமக்கு அது கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே வரும்.

### ஆர்ஏ நகர்கிறது, டெக் மட்டும் நகரவில்லை

டெக் பல்லின் இடைத்தளர்வு. திசை மாறும்போது பற்கள் ஒன்றையொன்று தொடுவதற்கு முன் வெறுமையாகச் சுற்றும் தூரம் அது. கலிப்ரேஷனைத் தொடங்கும் முன் கைக்கட்டுப்பாட்டால் வடக்குப் பொத்தானைச் சில செக்கன் அழுத்திப் பல்லைக் கவ்வவிடுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

### இரண்டும் நகரவில்லை

கமராவில் இருந்து மவுண்டுக்குப் போகும் எஸ்டி-4 வயரைப் பாருங்கள். அதன் முனை தொலைபேசி வயரின் முனையைப் போன்றது. அதனால் வீட்டில் கிடந்த தொலைபேசி வயரைச் செருகுகிறார்கள். அதில் நான்கு கம்பிகள் மட்டுமே இருக்கும், பல வயர்களில் ஒரு முனை தலைகீழாகவும் இருக்கும். எஸ்டி-4 வயருக்கு ஆறு கம்பியும் நேர்ப் பொருத்தமும் வேண்டும். இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே பக்கம் பார்த்தபடி பிடியுங்கள். நிறங்களின் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும்.

வயரைச் செருகும் குழியையும் இரண்டு தடவை பாருங்கள். சில மவுண்டுகளில் கைக்கட்டுப்பாட்டுக் குழியும் கைட் குழியும் அருகருகே ஒரே தோற்றத்தில் இருக்கும். கைக்கட்டுப்பாட்டுக் குழியில் மின் அழுத்தம் உண்டு. மாறிச் செருகினால் கமராவின் உள்பலகை போய்விடும். நான் என் முதல் கமராவை இழந்தது இப்படித்தான். அன்றிலிருந்து கைட் குழியைச் சுற்றிச் சிவப்பு நகப்பூச்சுப் பூசி வைத்திருக்கிறேன்.   

வயர் சரி, குழி சரி, மென்பொருளின் கைமுறைப் பொத்தான்களை அழுத்தியும் மவுண்ட் அசையவில்லை என்றால், எஸ்டி-4ஐ விட்டுவிட்டு மவுண்டை நேரே மடிக்கணினியுடன் இணைத்துப் பாருங்கள். அப்போது அசைந்தால் கைட் குழியின் பலகை பழுது. அதைத் திருத்தத்தான் வேண்டும் என்றில்லை, நேர் இணைப்பிலேயே தொடரலாம். நேர் இணைப்பிலும் அசையாவிட்டால் அது மின்பலகை திருத்துபவருக்கு உரியது.

## அறிகுறி: வரைபு நன்றாக இருக்கிறது, படத்தில் நட்சத்திரம் நீள்கிறது

ஃபைண்டரை ஓட்டோகைடராக மாற்றியவர்களை மிக அதிகம் அலைக்கழிப்பது இதுதான். சென்ற பங்குனியில் புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி வந்தார். மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்று முகமே சொன்னது. "அண்ணை, வரைபில் பிழை ஒரு ஆர்க் செக்கனுக்குள் நிற்கிறது, படம் மட்டும் அரிசி மணியாக வருகிறது. கமராவை மாற்ற வேண்டுமா?" என்றார். நான் பதில் சொல்லாமல் ஃபைண்டரின் முன்முனையை ஒரு விரலால் மெல்ல அழுத்தி விட்டேன். திரையில் நட்சத்திரம் ஓடிப்போய், திரும்பி வந்தது. ஆனால் பழைய இடத்துக்கு வரவில்லை, நான்கு பிக்சல் தள்ளி நின்றது. "கமரா நல்லது தம்பி, பிடிதான் நல்லதில்லை" என்றேன்.

ஃபைண்டருடன் வரும் பிடி கண்ணால் பார்ப்பதற்காகச் செய்தது. முன்னால் ஒரு றப்பர் வளையம், பின்னால் இரண்டு திருகாணிகள், அவற்றுக்கு எதிரே ஒரு வில்லுச்சுருள். குழாய் உண்மையில் றப்பரிலும் சுருளிலும் மிதந்துகொண்டிருக்கிறது. தாங்கும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே 100 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை 0.01 மில்லிமீற்றர் தாழ்ந்தால் ஃபைண்டரின் பார்வை 20 ஆர்க் செக்கன் திரும்பிவிடும். தலைமுடியின் தடிப்பில் அது ஏழில் ஒரு பங்குகூட வராது. 750 மில்லிமீற்றர் தொலைநோக்கியில் 4.3 மைக்ரோன் பிக்சல் உள்ள கமராவில் அந்த 20 ஆர்க் செக்கன் ஏறத்தாழ 17 பிக்சல். ஃபைண்டர் தான் பார்க்கும் நட்சத்திரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஃபைண்டரே சாய்வதால் பெரிய தொலைநோக்கி மெல்ல மெல்ல இலக்கை விட்டு விலகும். வரைபு பொய் சொல்லவில்லை, தான் கண்டதைச் சொல்கிறது.

உறுதிப்படுத்த ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 2 நிமிடப் படங்களாக முப்பது எடுத்து, முதலாவதையும் கடைசியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள்.

### எல்லா நட்சத்திரங்களும் ஒரே திசையில், ஒரே அளவில் நகர்ந்திருக்கின்றன

பிடியின் தளர்வு. செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள். கமராவின் யுஎஸ்பி வயர் தொங்கி இழுக்கிறதா? அதைக் குழாயின் மேல் இரண்டு இடத்தில் கட்டுங்கள், கமராவுக்குப் பக்கத்தில் சிறு வளைவு விடுங்கள். கமராவின் மூக்குக்குழாயை ஒற்றைத் திருகாணி பிடித்திருந்தால், குழாயில் ஒரு சுற்று மெல்லிய அலுமினிய நாடா ஒட்டி ஆட்டமில்லாமல் செருகுங்கள். பொருள்வில்லையின் பூட்டு வளையத்தை நன்றாக இறுக்குங்கள். குவியம் பார்த்துவிட்டு இறுக்க மறந்து, கூடு புரியில் ஆடிக்கொண்டிருந்த ஃபைண்டர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு றப்பர். றப்பர் வளையத்தை எடுத்து எறியுங்கள். அந்த இடத்தில் பித்தளைத் தகட்டுப் பட்டை ஒன்றை வளைத்து இறுக்கலாம். தற்காலிகமாக நன்றாகவே நிற்கும். நிரந்தரத் தீர்வு, மூன்று மூன்று திருகாணிகள் கொண்ட இரண்டு உலோக வளையங்கள். கடையில் வாங்கலாம். இல்லையென்றால் லேத் பட்டறையில் அலுமினியக் குழாய்த் துண்டில் கடைந்து எடுக்கலாம். வளையங்களை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. சுருளுக்குப் பதில் ஆறும் திருகாணியாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம். அந்தத் தம்பிக்கு இவ்வளவுதான் செய்தோம். இரண்டு நாள் கழித்து அவர் அனுப்பிய கரினா நெபுலாப் படத்தில் நட்சத்திரங்கள் பொட்டுப் பொட்டாக இருந்தன. நம் தெற்கு வானில் 21 பாகைக்கு மேல் ஏறாத அந்த நெபுலாவை அவர் தன் வீட்டு முற்றத்தில் இருந்தே பிடித்திருந்தார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை, அந்தப் படத்தையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளையம் மாற்றியும் நகர்வு இருந்தால் ஃபைண்டரை விட்டுவிட்டுப் பெரிய குழாயைப் பாருங்கள். பெரிய கமராவின் பாரத்தில் குவியக்குழாய் சாய்கிறதா? நியூட்டோனியனாக இருந்தால் முதன்மை ஆடி அதன் கூட்டில் ஆடுகிறதா? தொலைநோக்கியைக் கிழக்கில் இருந்து மேற்குக்குப் புரட்டிய பின் நகர்வின் திசை மாறினால், பாரத்தால் ஏதோ ஒன்று சாய்கிறது என்பதற்கு அது சான்று. ஆடி வகைத் தொலைநோக்கியில் 1000 மில்லிமீற்றருக்கு மேல் குவியத்தூரம் என்றால் ஃபைண்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய குழாயின் ஒளியிலேயே ஒரு துளி எடுத்துக் கைட் செய்யும் ஓஃப் ஆக்சிஸ் கைடர்தான் அங்கே வழி. செலவு கூடியது, அதனால் கடைசியில் சொல்கிறேன்.

### நடு நட்சத்திரங்கள் பொட்டு, மூலை நட்சத்திரங்கள் வளைந்த கோடு

படம் சுழல்கிறது. அதற்குக் காரணம் துருவ ஒழுங்கமைப்புப் பிழை. அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

## அறிகுறி: டெக் கோடு விடாமல் ஒரே பக்கம் ஏறுகிறது

மவுண்டின் அச்சு வான துருவத்தைப் பார்க்கவில்லை. ஒரு ஆர்க் நிமிடம் விலகினால், டெக்கில் நிமிடத்துக்கு 0.26 ஆர்க் செக்கன் வரை நகரும். பத்து ஆர்க் நிமிடம் என்றால் 2.6. அதைக் கைடர் திருத்திவிடும், ஆனால் சுழற்சியைத் திருத்தாது.

வடக்கு நாடுகளில் எழுதிய கையேடுகள் இந்த இடத்தில் நமக்கு உதவுவதில்லை. துருவ நட்சத்திரத்தைத் துருவநோக்கியில் வை, வேலை முடிந்தது என்று அவை சொல்லும். கிளிநொச்சியில் துருவ நட்சத்திரம் அடிவானில் இருந்து 9 பாகை சொச்சம் உயரத்தில்தான் நிற்கிறது. 15 மீற்றர் உயரப் பனை ஒன்று 90 மீற்றருக்குள் வடக்கே நின்றால் அது மறைந்துவிடும். மறைக்காவிட்டாலும் காலபோக அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களில் புகைக்குள் மங்கிக் கிடக்கும். வடக்கே தெரிந்த மங்கலான ஏதோ ஒரு நட்சத்திரத்தைத் துருவம் என்று நினைத்து இரவெல்லாம் படமெடுத்தவர்களுக்கு மறுநாள் காலையில் என்ன சொல்லித் தேற்றுவது என்றே தெரியாது.

முதலில் இடம். அறுவடைக்குப் பிந்திய வயல், வடக்குப் பக்கம் வெட்டையாக இருப்பது நல்லது. குளக்கட்டு என்றால் காற்றும், மேலே போகும் மோட்டார் சைக்கிளின் அதிர்வும் சேர்ந்து வரும். நெடுங்காலமாக மக்கள் புழங்கும் நிலத்தில் மட்டும் முக்காலியை நாட்டுங்கள். நல்ல இருட்டுத் தேடிப் பற்றைக்குள் புதிய பாதை போடாதீர்கள். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருந்த இடங்களை ஊரவரிடம் கேட்டறியுங்கள். யானை வரும் பக்கம் எது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

அடுத்து மவுண்டின் தலை 9 பாகைக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். பல மவுண்டுகள் அதற்கு முன்பே முட்டி நின்றுவிடும். உயரத் திருகாணியை அதற்கு மேல் பலமாகத் திருகினால் வளைந்துபோகும். முக்காலியின் வடக்குக் காலைக் குறைத்து முழுவதையும் வடக்கே சாய்த்தால், குறைகிற பாகைகள் கிடைக்கும். பாரம் வடக்கே சரிவதால் ஒரு கால் நேர் வடக்கே இருக்கட்டும், முக்காலியின் நடுவில் ஒரு மண் மூட்டையைத் தொங்கவிடுங்கள். எதிர்ப்பாரத் தண்டு அந்தக் காலில் இடிக்கிறதா என்பதையும் மோட்டாரைப் போடும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். இடிப்பதைக் கவனிக்காமல் மோட்டாரை ஓடவிட்டால் பல் போய்விடும்.

துருவம் தெரியாவிட்டாலும் ஒழுங்கமைக்கலாம். பிஎச்டி2இல் உள்ள ட்ரிஃப்ட் அலைன் கருவி இதற்குத்தான். உச்சிக்கோட்டில், வான நடுக்கோட்டுக்கு அருகே உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து, டெக் கோடு சாய்வதை நிறுத்தும்வரை மவுண்டை இடம் வலமாகத் திருப்புங்கள். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ அடிவானுக்கு மேலே 25 முதல் 30 பாகையில் உள்ள நட்சத்திரத்தைப் பிடித்து, உயரத் திருகாணியைத் திருப்புங்கள். மறுபடி ஒரு தடவை இரண்டையும் செய்யுங்கள். முதல் இரவில் ஒரு மணி நேரம் பிடிக்கும், பழகினால் இருபது நிமிடம். சரியாக வந்த இரவில் முக்காலியின் கால்கள் நின்ற மூன்று இடத்திலும் சீமெந்துக் கல் பதித்துவிடுங்கள். அடுத்த தடவை பாதி வேலை மிச்சம்.

## அறிகுறி: கோடுகள் துள்ளுகின்றன

எந்தக் கோடு துள்ளுகிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டும் சேர்ந்து, ஒழுங்கில்லாமல் துள்ளினால் காற்று. வைகாசியில் இருந்து சோளகம் வீசும் மாதங்களில் தெற்கு, மேற்குப் பக்கத்தில் ஒரு தறப்பாள் மறைப்புக் கட்டுங்கள். முக்காலியின் கால்களை நீட்டாமல் தாழ்வாக வையுங்கள். காற்று இல்லாமலே சிறு சிறு நடுக்கமாக இருந்தால் அது வளிமண்டலக் கொந்தளிப்பு. மென்பொருள் ஒவ்வொரு நடுக்கத்தையும் துரத்தக் கூடாது. ஒளிபடும் நேரத்தை 1 செக்கனில் இருந்து 2 அல்லது 3 செக்கனாக்குங்கள்.

ஆர்ஏ மட்டும் நீண்ட அலையாக ஏறி இறங்கினால், அலையின் ஒரு சுற்றுக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். 144 பல் உள்ள சக்கரத்தில் புழுப்பல் (சக்கரத்தைத் திருப்பும் திருகுப்பல்) ஒரு சுற்றுச் சுற்ற ஏறத்தாழ 10 நிமிடமும் 180 பல்லுக்கு 8 நிமிடமும் ஆகும். அலை அதனோடு ஒத்துப்போனால் அது பல்லின் பிறவிக் குணம், கைடர் சமாளிக்கும். சமாளிக்காவிட்டால் மென்பொருளில் ஆர்ஏ தீவிரத்தை (ஒரு தடவையில் திருத்தும் அளவை) சற்றுக் கூட்டுங்கள். கிழக்குப் பக்கம் ஒரு துளி பாரம் கூடுதலாக இருக்கும்படி சமநிலை செய்தால் பல் எப்போதும் ஒரே பக்கம் கவ்வியிருக்கும்.

டெக் மேலும் கீழும் ஊஞ்சலாடினால் இடைத்தளர்வு. மென்பொருளின் கைடிங் அசிஸ்டன்ட் அதை அளந்து காட்டும். தளர்வு பெரிதாக இருந்தால், டெக் திருத்தத்தை நகர்வுக்கு எதிரான ஒரு திசையில் மட்டும் அனுமதியுங்கள். எனக்குத் தெரிந்த மிக மலிவான வைத்தியம் அது. புழுப்பல்லின் இடைவெளியைத் திருகாணியால் குறைக்கலாம்தான். ஆனால் கால் சுற்று அதிகமானால் பல் இறுகி மோட்டார் திணறும். முன்பு திறந்து பார்த்திராதவர்கள் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று. உச்சிக்கோட்டைக் கடந்து தொலைநோக்கியைப் புரட்டிய உடனே நட்சத்திரம் சட்டத்தை விட்டு ஓடினால் எதுவும் உடையவில்லை. எஸ்டி-4 வயரில் மட்டும் இயங்கும்போது மவுண்ட் புரண்டது மென்பொருளுக்குத் தெரியாது. கலிப்ரேஷனைப் புரட்டும் கட்டளையைக் கொடுங்கள், அல்லது புதிதாகக் கலிப்ரேஷன் செய்யுங்கள்.

## அறிகுறி: முன்னிரவில் நன்றாக இருந்தது, நடுச்சாமத்துக்குப் பின் எல்லாம் போய்விட்டது

### இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது

யுஎஸ்பி வயர் 5 மீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது. இரண்டு வயர்களை ஒட்டி நீட்டினால் பெரும்பாலும் அங்கேதான் பழுது. வேறு வயர், வேறு குழி, பிறகு மின்னூட்டம் உள்ள ஹப் என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள். மடிக்கணினியின் மின்சிக்கன அமைப்பு யுஎஸ்பியைத் தூங்கவைக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து பற்றரி. மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, மவுண்டில் செருகும் முனையில் மீற்றரை வைத்து அளவுங்கள். சும்மா இருக்கும் பற்றரியில் அளந்தால் உண்மை தெரியாது. 11 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் மவுண்டை நம்ப முடியாது. பற்றரி நன்றாக இருந்தும் முனையில் குறைந்தால் வயர் மெல்லியது, அல்லது முனை துருப்பிடித்தது. பற்றரி உப்பியிருந்தால் அன்றிரவு அதோடு நிறுத்துங்கள். அதைத் திறப்பது யாருக்கும் வீட்டு வேலை அல்ல.

### நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைகின்றன

வானத்தைப் பாருங்கள், முகில் இல்லையே? அப்படியானால் பனி. மார்கழி, தை மாதங்களில் மழை விட்ட மறுநாள் இரவு தெளிவாக இருக்கும், புல்லெல்லாம் நனைந்திருக்கும். வானத்தை நோக்கித் திறந்த சிறிய வில்லை மிக விரைவாகக் குளிர்ந்து வியர்க்கும். ரோச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், பால் படிந்தது போலத் தெரியும். துணியால் துடைக்க வேண்டாம். தூசியோடு சேர்த்துத் தேய்ப்பதால் வில்லையின் பூச்சுக் கீறுபடும்.

கறுப்பு நுரைப்பாயில் வெட்டி, வில்லையின் விட்டத்தைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள மறைப்புக்குழல் போட்டால் பல இரவுகளுக்கு அதுவே போதும். போதாவிட்டால் சூட்டுப்பட்டி. 330 ஓம் தடைகள் ஆறை ஒன்றுக்கொன்று சமாந்தரமாகப் பற்றவைத்து, துணிப் பட்டியில் தைத்து, வில்லைக் கூட்டைச் சுற்றிக் கட்டி 12 வோல்ற்றில் இணையுங்கள். மொத்தம் 2.6 வாற்று, கால் அம்பியருக்கும் குறைவு. ஒவ்வொரு தடையும் 0.44 வாற்று எரிக்கும் என்பதால் 1 வாற்றுத் தடைகளை வாங்குங்கள், அரை வாற்றுத் தடைகள் நாளடைவில் கருகும். பற்றரி முனையில் ஒரு அம்பியர் உருகி போட மறக்க வேண்டாம். மங்கத் தொடங்கிய பின் அல்ல, படமெடுக்கத் தொடங்கும்போதே பட்டியைப் போடுங்கள்.

பனி காய்ந்த பின்னும் மங்கல் போகவில்லை, வெயிலில் பிடித்தால் வில்லைக்குள் சிலந்தி நூல் போலக் கிளைத்துத் தெரிகிறது என்றால் பூஞ்சணம். மாரி முழுவதும் பெட்டிக்குள் ஈரத்தோடு மூடி வைத்ததன் விளைவு. வெளிமேற்பரப்பில் இருந்தால் வில்லை துப்புரவாக்கும் திரவத்தால் எடுக்கலாம். இரு கண்ணாடிகளுக்கும் நடுவில் இருந்தால் வில்லை வேலை தெரிந்தவர் பிரிக்க வேண்டும். 50 மில்லிமீற்றர் ஃபைண்டருக்கு அந்தக் கூலி கொடுப்பதைவிடப் பழைய ஃபைண்டர் ஒன்றை வாங்கி, உங்கள் வளையங்களையும் இணைப்புக் குழாயையும் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும் குவியத்தைப் பகலில் பார்த்து, பூட்டு வளையத்தை இறுக்கி, கலிப்ரேஷனைப் புதிதாக எடுங்கள்.